டிரெய்லர் டயர்களைப் பாதுகாத்தலும் வேலையற்ற காலத்தில் பேணி வைத்தலும்

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

காவேரிப் பாசனப் பகுதியில் தை, மாசி மாதங்களில் சம்பா, தாளடி அறுவடை முடிந்து, நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையத்துக்குச் சென்றபின், டிராக்டருடன் இணைத்து ஓட்டும் டிரெய்லர் வண்டிக்கு அதிக வேலை இராது. சிறிது வைக்கோலும் எருவும் ஏற்றுவதோடு சரி. பிறகு அவ்வண்டி களத்து மேட்டிலோ, வாய்க்கால் ஓரத்திலோ, வீட்டுக் கொல்லையிலோ நிறுத்தப்பட்டு, குறுவை அறுவடை வரும் வரையில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. டிராக்டரைக் கொட்டகையில் விட்டுப் பூட்டுகிற மிராசுதார்களும் டிரெய்லரைப் பற்றி நினைப்பதில்லை. “இரும்பு வண்டிதானே, அதற்கு என்ன வந்துவிடும்?” என்பது பொதுவான எண்ணம். இரும்புக்கு ஒரு கோடையில் பெருங்கேடு வந்துவிடாது என்பது உண்மையே. ஆனால் அவ்வண்டி நிற்பது இரும்பின் மேலன்று, ரப்பரின் மேல்.

லாரியின் டயர் ஓடித் தேய்ந்து முடிகிறது. குடியானவருடைய டிரெய்லர் டயரோ, பெரும்பாலும், நின்று கெட்டு முடிகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தை நன்கு உணராமையினால் வருஷந்தோறும் குடியானவர்கள் பொருள் நஷ்டம் அடைவதுடன், சில வேளைகளில் ஆட்களுக்கும் அபாயம் நேரிடுகிறது. டயர் பூட்டிய மாட்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இவ்விஷயம் பொருந்துமாதலால், அவர்களும் இவ்வியாசத்தைக் கவனித்துப் படிப்பது நலம்.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சி

2020ஆம் வருஷத்துக் கோடையில், என் சரகத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்துக்கு விதை நெல் சம்பந்தமாகச் சென்றிருந்தேன். அங்கே ஒரு மிராசுதாருடைய இரு சக்கர டிரெய்லர் களத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் என்னை நோக்கி, “ஐயா, இந்த டயர் வருகிற சம்பாவுக்குத் தாங்குமா, பாருங்கள்” என்றார். நான் குனிந்து பார்த்தேன். பட்டன் இரண்டு விரற்கடைக்கு மேல் தடிப்பாக இருந்தது. “தாராளமாய்த் தாங்கும்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பட்டனைத் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை.

2021ஆம் வருஷம் மாசி மாதத்தில், நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரை மேல் செல்லும்பொழுது, அவ்வண்டியின் இடப்புறத்து டயர் வெடித்தது. வண்டி சாய்ந்தது. மூட்டைகளின் மேல் அமர்ந்திருந்த இரண்டு ஆட்களில் ஒருவர் தண்ணீரில் குதித்துத் தப்பினார். மற்றவருடைய கால் மூட்டைகளுக்கு அடியில் அகப்பட்டு எலும்பு முறிந்தது. ஆறு மாத காலம் அவர் கூலி வேலைக்குச் செல்ல இயலவில்லை. நனைந்த நெல்லின் நஷ்டம் ஒருபுறம் இருக்க, அக்குடும்பம் பட்ட சிரமம் பெரிது.

மறுநாள் நான் சென்று அந்த டயரைப் பார்த்தேன். பட்டன் அப்பொழுதும் நன்றாகவே இருந்தது. கிழிந்திருந்தது பக்கச் சுவர். அதன்மேல் நகம் நுழையும்படியான வெடிப்புகள் நெடுகக் காணப்பட்டன. பக்கச் சுவரில் அச்சிட்டிருந்த நான்கு இலக்கங்கள் 3208. அதாவது, அந்த டயர் 2008ஆம் வருஷத்தின் 32ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. லாரியில் ஓடித் தேய்ந்து, மேல் ரப்பர் போடப்பட்டு, பழைய டயராக விலைக்கு வாங்கப்பட்டது. வெடித்த நாளில் அதற்கு வயது பன்னிரண்டரை. நான் பார்த்தது புதிய பட்டனை; பார்க்கத் தவறியது பழைய உடலை. அந்த மிராசுதார் என்னைக் குறை கூறவில்லை. ஆயினும் என் சொல்லை நம்பி அவர் வண்டியை ஓட்டினார் என்பதை நான் மறக்கவில்லை. அத்தவற்றைப் பிறர் செய்யாதிருக்கும் பொருட்டே இதனை எழுதுகிறேன்.

ரப்பர் கெடும் விதம்

ரப்பர் ஒரு மரத்தின் பால். கேரளத்திலும் நமது கன்னியாகுமரி மாவட்டத்திலும் இம்மரம் பயிராகிறது. பாலை உறைய வைத்து எடுத்த ரப்பர் வெப்பத்தில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதனுடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதியும் நெகிழ்ச்சியும் பெறும் என்பதை 1839ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் கண்டறிந்தார். காற்றடைத்த டயருக்கு முதன்முதலில் 1845ல் ராபர்ட் வில்லியம் தாம்ஸன் உரிமைப் பத்திரம் பெற்றார். அது வழக்கத்தில் நிலைக்கவில்லை. 1888ல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்பவர் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த டயருக்கு உரிமை பெற்ற பின்னரே காற்று டயர் உலகெங்கும் பரவியது. அவர் தொழிலால் கால்நடை வைத்தியர் என்பது நம் குடியானவர்களுக்குச் சுவையான செய்தியாகும்.

மரத்துப் பாலிலிருந்து உண்டான பொருளாதலால் ரப்பரும் நாளடைவில் மூப்படைகிறது. பாரம் சுமக்கும் பெரிய டயர்களில் மரத்து ரப்பரின் பங்கு அதிகம். அதன் மூப்பை விரைவுபடுத்தும் காரணங்கள் பின்வருமாறு:

1. பிராணவாயு. காற்றிலுள்ள பிராணவாயு ரப்பரினுள் மெள்ள மெள்ளப் புகுந்து அதனை இறுகச் செய்கிறது. நெகிழ்ச்சி போய் ரப்பர் விறைக்கிறது. டயரின் உள்ளே அடைத்த காற்றும் இவ்வேலையை உள்ளிருந்து செய்கிறது.

2. ஓஸோன். இது பிராணவாயுவின் ஒரு வகை. காற்றில் மிகச் சொற்பமாகவே இருப்பினும் ரப்பருக்குக் கொடிய பகை. இழுபட்டு நிற்கும் ரப்பரையே இது தாக்கும். பாரத்தினால் பிதுங்கி நிற்கும் டயரின் பக்கச் சுவரில், இழுப்புக்குக் குறுக்காக, மயிரிழை போன்ற வெடிப்புகள் உண்டாவது இதனாலேயே. இழுப்பு இல்லாத ரப்பரை ஓஸோன் அவ்வளவாக வெடிக்கச் செய்வதில்லை என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர்க் கூறப்படும் யோசனைக்கு இதுவே அடிப்படை.

3. வெயில். சூரிய ஒளியிலுள்ள, கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்கள் ரப்பரின் மேற்புறத்தை அரிக்கின்றன. இதனைத் தடுக்கவே டயரில் நுண்ணிய கரித்தூள் சேர்க்கப்படுகிறது. டயர் கறுப்பாயிருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் கறுப்பு நிறம் வெப்பத்தையும் மிகுதியாக ஈர்க்கும்.

4. வெப்பம். பொதுவாக 10 டிகிரி வெப்பம் உயர்ந்தால் ரஸாயன மாறுதலின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். சித்திரை வெயிலில் கையால் தொட முடியாதபடி சுடும் டயர், நிழலிலுள்ள டயரைக் காட்டிலும் எத்துணை விரைவில் மூப்படையும் என்பதை இதிலிருந்து ஊகித்துக் கொள்ளலாம்.

5. எண்ணெய். டீசல், பெட்ரோல், கிரீஸ், இஞ்சின் எண்ணெய், எண்ணெய்க் கரைசலாக வரும் பூச்சி மருந்துகள் ஆகியவை ரப்பரில் ஊறி அதனை உப்பச் செய்து மிருதுவாக்கிக் கெடுக்கும்.

டயர் செய்பவர்கள் ரப்பருடன் ஒருவகை மெழுகையும், ஓஸோனைத் தடுக்கும் மருந்துகளையும் சேர்க்கின்றனர். டயர் ஓடும்பொழுது நெளிந்து நெளிந்து அவை உள்ளிருந்து மேற்புறத்துக்கு வந்து மெல்லிய போர்வையாகப் படிகின்றன. ஓடாது நிற்கும் டயரிலோ இப்போர்வை புதுப்பிக்கப்படுவதில்லை. ஓடும் டயருக்கு உள்ள காப்பு நிற்கும் டயருக்கு இல்லை என்பதன் கருத்து இதுவே. நம் டிரெய்லர்கள் சும்மா நிற்பதோ பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில். பாரம் தாங்கி, காற்றுக் குறைந்து, பிதுங்கி, அசையாமல், கடும் வெயிலில் நிற்கின்றன. டயரைக் கெடுக்க வேண்டுமென்றே ஒருவர் திட்டமிட்டாலும் இதைவிட நல்ல வழி காண்பது அரிது.

வயதை அறியும் விதம்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர், மாட்டின் கொம்புக்குப் பூசிய வர்ணத்தைப் பார்த்து விலை பேசுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். டயரிலும் பட்டன் கொம்பு வர்ணத்தைப் போன்றது. பல், பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்களே.

2000ஆம் வருஷம் முதல், பெரும்பாலான டயர்களில், செய்யப்பட்ட வாரமும் வருஷமும் நான்கு இலக்கங்களாக ஒரு சிறு நீள்வட்டக் கட்டத்துள் அச்சிடப்படுகின்றன. முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், பின் இரண்டு இலக்கங்கள் வருஷத்தையும் குறிக்கும். உதாரணமாக, 1419 என்றிருந்தால் 2019ஆம் வருஷத்தின் 14ஆம் வாரம். அதற்கு முந்திய காலத்து டயர்களில் மூன்று இலக்கங்களே இருக்கும். அவ்வகை டயர் இன்றும் எவர் வண்டியிலாவது இருக்குமாயின் உடனே கழற்றி எறிய வேண்டியதுதான். இலக்கங்கள் டயரின் ஒரு பக்கத்தில் மாத்திரம் இருப்பதும் உண்டு. வெளிப்பக்கத்தில் காணாவிடில் வண்டிக்கு அடியில் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் காணாமலோ, அராவி அழிக்கப்பட்டோ இருந்தால், அதனை வயது முதிர்ந்த டயர் என்றே கொள்ளுதல் பத்திரமான வழி.

செய்யப்பட்டு 5 வருஷம் ஆன டயரை வருஷந்தோறும் தேர்ந்த டயர் வேலைக்காரரிடம் கழற்றிக் காட்டிச் சோதிக்க வேண்டும் என்பதும், பட்டன் எவ்வளவு இருப்பினும் 10 வருஷத்துக்கு மேல் உபயோகிக்கலாகாது என்பதும் பல டயர் உற்பத்தியாளர்கள் கூறும் யோசனை. வெயிலில் நிற்கும் டிரெய்லருக்கு அந்த 10 வருஷமும் அதிகமே என்பது என் அபிப்பிராயம்.

இது வீண் அச்சம் என்று எண்ணுவோருக்கு ஒன்று கூறுவேன். 2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் சர்ரே பகுதியிலுள்ள ஹைண்ட்ஹெட் அருகே ஒரு பஸ்ஸின் முன் டயர் வெடித்து மூவர் உயிரிழந்தனர். அந்த டயரின் பட்டன் சட்டப்படி போதுமானதாகவே இருந்தது. ஆனால் அதன் வயது 19 வருஷத்துக்கு மேல். உயிரிழந்த இளைஞர் ஒருவருடைய தாயார் விடாது முயன்றதன் பயனாக, 2021 பிப்ரவரி 1 முதல் அந்நாட்டில் லாரி, பஸ் ஆகியவற்றின் முன் சக்கரங்களில் 10 வருஷத்துக்கு மேற்பட்ட டயர்கள் தடுக்கப்பட்டன. குளிர்ந்த தேசத்திலேயே நிலைமை இதுவாயின், நம் வெயிலில் கூறவும் வேண்டுமோ?

மேல் ரப்பர் போட்ட டயரை முற்றிலும் வேண்டாம் என்று நான் கூறவில்லை. நல்ல உடலின்மேல் நேர்மையாகப் போட்ட ரப்பர் உபயோகமானதே. ஆனால் வாங்கும்பொழுது பட்டனின் தடிப்பை விரலால் அளப்பதற்கு முன்னர் நான்கு இலக்கங்களைப் படியுங்கள். விலை குறைவு என்பதற்காகப் பன்னிரண்டு வயது டயரை வாங்குவது, பல் கொட்டிய மாட்டை உழவுக்கு வாங்குவதை ஒக்கும்.

சோதிக்கும் விதம்

ஆவணி மாதத்தில் ஒரு முறையும், மார்கழி மாதத்தில் ஒரு முறையும், அதாவது குறுவை, சம்பா அறுவடைகளுக்கு முன்னர், ஒவ்வொரு டயரையும் சுத்தமான தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவி, பகல் வெளிச்சத்தில் பின்வருமாறு சோதிக்க வேண்டும்.

மேற்புறத்தில் மாத்திரம் மயிரிழை போன்ற வெடிப்புகள் இருந்தால், டயர் மூப்படையத் தொடங்கிவிட்டது என்று அறிந்து, பாரத்தைக் குறைத்து, மாதம் ஒரு முறை பார்த்துவர வேண்டும். வெடிப்பில் நகமோ, நாணயத்தின் ஓரமோ நுழையுமாயின், அல்லது பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் அடியிலோ, ரிம்மோடு பொருந்தும் விளிம்பின் அருகிலோ வெடிப்புக் காணுமாயின், அந்த டயர் பாரத்துக்கு உதவாது. உள்நூலோ கம்பியோ வெளியே தெரிந்தாலும், எங்கேனும் கொப்புளம்போல் புடைத்திருந்தாலும், அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். “இந்த ஒரு நடை போய் வந்துவிடட்டும்” என்னும் சொல்லே பல விபத்துகளுக்குத் தாய்.

உட்பக்கத்துச் சுவரைப் பார்க்க மறக்கலாகாது. வெயில் படும் பக்கம் ஒருவாறு கெட்டிருக்கையில், அச்சுப் பக்கம் கிரீஸ் வடிந்து வேறுவிதமாகக் கெட்டிருப்பதுண்டு. வால்வின் அடிப்புறம் வெடித்திருக்கிறதா, ரிம் துருவேறி உப்பியிருக்கிறதா, நட்டுகள் இறுக்கமாயிருக்கின்றனவா என்பனவற்றையும் உடன் பார்க்க வேண்டும். உரமும் சாணமும் ஏற்றும் வண்டிகளில் ரிம் விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் கழுவிவிடுதல் நலம். புது டயர் போடும்பொழுது பழைய டியூபையே உபயோகிப்பது தவறான சிக்கனம். டியூபும் ரப்பரே, அதற்கும் அதே வயது.

வேலையற்ற காலத்தில் செய்ய வேண்டியவை

ரப்பர் கெடும் காரணங்களை அறிந்தபின், செய்ய வேண்டியவை தாமே விளங்கும். பாரத்தை நீக்குக, நிழல் தருக, எண்ணெய் படாது காக்க. இம்மூன்றுக்கும் பணச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

முதலாவது, பாரத்தை நீக்குதல். டிரெய்லரை முற்றிலும் காலி செய்ய வேண்டும். வைக்கோலையோ, செங்கலையோ அதன்மேல் போட்டு வைப்பது கூடாது. சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை முட்டுக் கொடுத்து, இழுவைக் கம்பியையும் வண்டியின் பின்புறத்தையும் ஆடாமல் தாங்கும்படி செய்துகொண்டு, ஒரு பக்கமாக ஜாக்கி வைத்து அச்சைத் தூக்க வேண்டும். அச்சின் அடியில் நன்கு முற்றிய பனங்கட்டையையோ, வேறு உறுதியான மரக்கட்டையையோ கொடுத்து, டயர் தரையை விட்டு இரண்டு விரற்கடை உயரம் எழும்பியிருக்கும்படி செய்து, பிறகு ஜாக்கியை எடுத்துவிட்டு, மறு பக்கத்தையும் அவ்விதமே செய்ய வேண்டும். செங்கல்லை அடுக்கி வைப்பது அபாயம். அது பாரத்தில் நொறுங்கும். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் நுழையலாகாது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் இவ்விதம் தூக்கி நிறுத்துவதும் கூடாது.

இவ்வாறு தூக்கி நிறுத்திய டயர்களில் காற்றைப் பாதி அளவுக்குக் குறைத்துவிடலாம். இழுப்புக் குறையவே, ஓஸோனின் தாக்குதலும் குறையும். ஆனால் மீண்டும் காற்றடிக்க வேண்டும் என்பதை நினைவூட்டும் பொருட்டு, இழுவைக் கம்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைப்பது அவசியம். அதை அவிழ்ப்பவர் காற்றடித்துவிட்டே அவிழ்க்க வேண்டும் என்று பண்ணையாட்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

தூக்கி நிறுத்த வசதியில்லாதவர்கள், காற்றைக் குறைக்காமல், குறிப்பிட்ட அளவுக்கு முழுமையாக அடித்து, டயரின் அடியில் பலகை போட்டு நிறுத்த வேண்டும். 15 நாளுக்கு ஒரு முறை வண்டியைச் சிறிது நகர்த்தி, டயரின் வேறொரு பாகம் தரையில் படும்படி செய்ய வேண்டும். மாதம் ஒரு முறை டிராக்டரில் பூட்டி இரண்டு மூன்று மைல் தூரம் காலி வண்டியாக ஓட்டி வந்தால், முன்னர்க் கூறிய மெழுகுப் போர்வை புதுப்பிக்கப்படும், அச்சுக்கும் நலம்.

இரண்டாவது, நிழல் தருதல். கொட்டகை இருந்தால் மிகவும் நல்லது. இல்லாவிடில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் இரண்டு தென்னங்கீற்றுத் தட்டிகளைச் சாய்த்துக் கட்டிவிட்டால் போதும். தட்டிக்கும் டயருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்து காற்று உலாவ வேண்டும். கறுப்புத் தார்ப்பாயையோ, பிளாஸ்டிக் தாளையோ டயரோடு ஒட்டிச் சுற்றிக் கட்டுவது தீமையே. உள்ளே வெப்பமும் ஈரமும் அடைபடும். மேற்கு வெயிலே அதிகக் கடுமையானதாகையால், வண்டியை வைக்கோற் போருக்கோ சுவருக்கோ கிழக்கே நிறுத்துவது ஒரு சுலபமான உபாயம்.

மூன்றாவது, எண்ணெய் படாது காத்தல். பழைய இஞ்சின் எண்ணெயைத் துணியில் தோய்த்து டயருக்குப் பூசினால் அது “புதிது போல” கறுத்துப் பளபளக்கும் என்று சிலர் பூசுகின்றனர். பளபளப்பு மெய்தான்; ஆனால் அது ரப்பருக்கு இடும் மெல்லிய விஷம். அவ்விதமே, டீசல் கொண்டு டயரைத் துடைப்பதும் கூடாது. தண்ணீரும் சோப்பும் தவிர வேறொன்றும் வேண்டியதில்லை.

கழற்றி வைத்த டயர்கள்

மாற்றுச் சக்கரமாகவோ, மிகையாகவோ உள்ள டயர்களைக் குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட அறையில் வைக்க வேண்டும். மோட்டார்க் கொட்டகையில் வைப்பது நம்மவர் வழக்கம். அது ஏற்ற இடமன்று. மின்சாரப் பொறி பறக்கும் இடங்களில் ஓஸோன் உண்டாகும். எண்ணெய்ப் பசையும் அங்கே மிகுதி. வெல்டிங் பட்டறையின் அருகிலும் இதே காரணத்தினால் வைக்கலாகாது. பூச்சி மருந்து, டீசல் ஆகியவற்றை வைக்கும் அறையும் உதவாது.

ரிம்மோடு கூடிய டயர்களைக் காற்றைக் குறைத்துப் படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று வைக்கலாம். ரிம் இல்லாத டயர்களைப் பலகையின் மேல் நிமிர்த்தி நிறுத்தி, மாதம் ஒரு முறை சிறிது உருட்டி வைக்க வேண்டும். ஆணியில் தொங்கவிடலாகாது. வாங்கிய தேதியையும் அந்த நான்கு இலக்கங்களையும் சுண்ணக்கட்டியால் டயரின்மேல் எழுதி வைத்தால், பழையதை முதலில் எடுத்து உபயோகிக்கலாம்.

மீண்டும் வேலைக்கு எடுக்கும்பொழுது

பாரத்தைச் சுமப்பது டயரன்று. அதனுள் அடைத்த காற்றே. எனவே மூட்டை ஏற்றுமுன் காற்றின் அளவைக் கருவி கொண்டு பார்ப்பது மிக அவசியம். காலால் உதைத்துப் பார்ப்பதோ, கடப்பாறையால் தட்டிப் பார்ப்பதோ அளவு ஆகாது. டயர் ஓடிச் சூடேறாத காலை நேரத்தில், பக்கச் சுவரில் அச்சிட்டுள்ள அளவை ஒட்டிக் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல டயரிலும் மாதத்துக்கு ஓரிரு பவுண்டு காற்றுக் குறைவது இயல்பு. மூன்று மாதம் நின்ற வண்டியில் அது கணிசமாகக் குறைந்திருக்கும்.

காற்றுக் குறைந்த டயரில் பாரம் ஏற்றி ஓட்டினால், பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து, உள்ளே மிகுந்த சூடு உண்டாகி, நூலும் ரப்பரும் பிரிந்துவிடும். இளைய டயர் இதனைச் சிறிது பொறுக்கும். வெயிலில் விறைத்த பழைய டயர் பொறுக்காது. அவ்விதம் காற்றின்றிப் பாரத்தோடு ஓடிவிட்ட டயருக்கு, கழற்றி உட்புறத்தைச் சோதியாமல், மீண்டும் காற்றடிக்கலாகாது. காற்றடிக்கும்பொழுது அதன் பக்கச் சுவருக்கு எதிரே முகத்தை வைத்து நிற்பது உயிருக்கே அபாயம். வளையம் பொருத்திய ரிம்களைத் தேர்ந்த வேலைக்காரரே கழற்றிப் பூட்ட வேண்டும். வளையம் தெறித்துப் பலர் உயிரிழந்துள்ளனர்.

மூப்புத் தொடங்கிய டயர் உள்ள வண்டியில் பாரத்தைக் குறைத்து, மெதுவாக, வெயில் தணிந்த வேளையில் ஓட்டுவது நலம். மூட்டைகளின் மேலோ காலி டிரெய்லரிலோ நடவாட்களையும் அறுவடையாட்களையும் ஏற்றிச் செல்வது எந்த வண்டியிலும் கூடாது. அது சட்டத்துக்கும் விரோதம். வெடித்த டயர் நெல்லைக் கொட்டினால் நெல்லை அள்ளிக்கொள்ளலாம். ஆட்களைக் கொட்டினால் என் செய்வது?

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்களும், பஞ்சாயத்துத் தலைவர்களும், கூட்டுறவுச் சங்கக் காரியதரிசிகளும் இவ்விஷயத்தில் செய்யத்தக்கவை சில உண்டு. பஞ்சாயத்துக்கோ சங்கத்துக்கோ சொந்தமான டிரெய்லர் இருக்குமாயின், அதன் ஒவ்வொரு டயரின் நான்கு இலக்கங்களையும் ஒரு புத்தகத்தில் பதிந்து, வருஷம் இரு முறை சோதித்துக் கையெழுத்திட வேண்டும். அறுவடைக்கு முன் கூடும் கிராம சபையில் இதனை ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னால், அநேகர் அன்று மாலையே தம் வண்டியைக் குனிந்து பார்ப்பார்கள்.

கழித்துவிட்ட டயர்களைப் பற்றியும் கவனம் வேண்டும். கொல்லையில் எறிந்த டயரில் மழைத் தண்ணீர் தேங்கினால், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். நீர் வற்றினும் அம்முட்டைகள் பல மாதம் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே பழைய டயர்களை மழை படாத இடத்தில் வைத்து, விரைவில் பழைய டயர் வியாபாரியிடம் சேர்ப்பித்துவிட வேண்டும். போகியன்று அவற்றைக் கொளுத்துவது மூச்சுக்கு நஞ்சு. மாடுகளுக்குத் தீவனத் தொட்டியாக வெட்டி உபயோகிப்பதிலும் ஜாக்கிரதை தேவை. இற்றுப்போன டயரிலிருந்து உதிரும் கம்பித் துண்டுகளை மாடு தீவனத்தோடு விழுங்கினால், அவை வயிற்றையும் இருதயத்தையும் குத்திக் கேடு விளைவிக்கும். கழித்த டயரைப் பிறருடைய வண்டிக்கு விற்பது மட்டும் வேண்டாம். நமக்கு உதவாதது அடுத்தவருக்கும் உதவாது.

முடிவுரை

மேற்கூறியவற்றின் சுருக்கம் வருமாறு:

1. டயர் வாங்குமுன் நான்கு இலக்கங்களைப் படித்து வயதை அறிக.
2. 5 வருஷத்துக்குப்பின் ஆண்டுதோறும் கழற்றிச் சோதிக்க. 10 வருஷத்துக்கு மேல் எவ்விதத்திலும் உபயோகியாதீர்.
3. வேலையற்ற மாதங்களில் அச்சைக் கட்டையில் ஏற்றி டயரின் பாரத்தை நீக்குக. இயலாவிடில் முழுக் காற்றோடு நிறுத்தி, அடிக்கடி நகர்த்துக.
4. கீற்றுத் தட்டியால் நிழல் தருக, எண்ணெய் பூசாதீர்.
5. வேலைக்கு எடுக்குமுன் காற்றைக் கருவியால் அளந்து பார்க்க.
6. மூட்டை ஏற்றும் வண்டியில் ஆட்களை ஏற்றாதீர்.

நான் முன்னர்க் கூறிய மிராசுதார், விபத்துக்குப்பின் தம் டிரெய்லரின் முன் பலகையில் வெள்ளை வர்ணத்தால் இரண்டு டயர்களின் வருஷத்தையும் எழுதி வைத்திருக்கிறார். பங்குனி பிறந்ததும் வண்டி பனங்கட்டையில் ஏறிவிடுகிறது. கீற்றுத் தட்டியும் வந்துவிடுகிறது. கால் முறிந்த அந்த ஆளே இப்பொழுது அவ்வேலையை முன்னின்று செய்கிறார். சென்ற முறை நான் அங்கே போனபொழுது, நான் கேட்பதற்கு முன்னரே அவர் என்னை வண்டியண்டை அழைத்துச் சென்று, இலக்கங்களை விரலால் தொட்டுக் காட்டினார். நான்கு மரக்கட்டையும் நான்கு கீற்றும் எந்தக் குடியானவருக்கும் அகப்படாத பொருளல்ல. வருகிற கோடையில் இப்பத்திரிகையைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம் களத்தில் நிற்கும் வண்டியை ஒரு முறை குனிந்து பார்ப்பார்களாயின், இதனை எழுதியதன் பயன் நிறைவேறியதாகும்.